பூ உதிர்ந்த பிறகுதான் வேலை

சென்ற நோன்புப் பெருநாளைக்கு மாமி தந்தனுப்பிய டென்ட்ரோபியம் ஓர்கிட் சாடி, ஒரு மாதத்துக்கு மேலாக எமது விறாந்தையை அலங்கரித்தது. கடைசிப் பூவும் உதிர்ந்ததும், இலையின்றிச் சுருங்கி நின்ற பழைய தண்டுகளையெல்லாம் அடியோடு வெட்டிச் 'சுத்தம்' செய்துவிட்டேன். சில மாதங்களில் செடியே போய்விட்டது. "அந்தத் தண்டுலதான் மருமகன், அது சோறும் தண்ணியும் வச்சிருக்கு" என்றார் மாமி.

அவர் சொன்னது முற்றிலும் சரி. டென்ட்ரோபியத்தின் தடித்த தண்டு நீரையும் உணவையும் சேமித்து வைத்துப் புதிய முளைக்கு ஊட்டுகிறது. இலை உதிர்ந்த பழைய தண்டிலும் மீண்டும் பூ வருவதுண்டு. எனவே சகோதரிகளே, காய்ந்த பூக்காம்பை மட்டும் வெட்டுங்கள். தண்டு பழுப்பாகி, உள்ளே வெறும் சக்கையானால் மட்டுமே அதை அகற்றலாம். கணுவில் குட்டிச்செடி முளைத்தால், அதன் வேர் இரண்டு அங்குலம் வளர்ந்த பின் பிரித்து நடலாம்.

வண்ணத்துப்பூச்சி போல அகன்ற பூப்பூக்கும் பெலனொப்சிஸின் விடயம் வேறு. அதன் பூக்காம்பு பச்சையாக இருந்தால், அடியிலிருந்து இரண்டு அல்லது மூன்று கணுக்களை விட்டு, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். இரண்டு, மூன்று மாதங்களில் பக்கக்கிளை விட்டுப் பூக்கக்கூடும். செடி மெலிந்திருந்தாலோ காம்பு பழுத்திருந்தாலோ அடியில் வெட்டி ஓய்வு கொடுப்பதே நல்லது. 28 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் நீடித்தால் இது இலை மட்டுமே விடும். கண்டியில் எளிதில் பூப்பது கொழும்பிலும் காத்தான்குடியிலும் அடம்பிடிப்பது இதனால்தான். கீழ்நாட்டில் உள்ளவர்கள் காற்றோட்டமான நிழலில் வைத்து, டிசம்பர், ஜனவரி மாதக் குளிர்ந்த இரவுகளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

எந்தக் கத்தியானாலும் ஒரு செடியை வெட்டியதும் நெருப்பில் வாட்டிய பின்பே அடுத்த செடியைத் தொடுங்கள். வைரஸ் நோய் சாற்றின் வழியே பரவும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது? வேரே சொல்லிவிடும். வெள்ளி நிறமானால் தாகம், பச்சையானால் போதும். காலையில் ஊற்றுங்கள். பெலனொப்சிஸின் இலைக் குருத்தில் நீர் தேங்கினால் குருத்து அழுகிவிடும். உரத்தை, பைக்கற்றில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, வேர் நனைந்திருக்கும்போது இடுவது போதுமானது.

சாடி மாற்றுவதற்கும் இதுவே காலம். ஆனால் புதிய வேரின் பச்சை நுனி தெரியும் வரை பொறுங்கள். மண் வேண்டாம். மரக்கரி, ஓட்டுத்துண்டு, பொச்சுமட்டைத் துண்டு ஆகியவை போதும். மட்டையைச் சில நாட்கள் ஊறப்போட்டு, கறையும் உப்பும் போகத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். பெரிய சாடி அழகுதான், ஆனால் ஈரம் காயாது.

மாமி இன்னொரு செடி தந்திருக்கிறார். அதன் பூவும் உதிர்ந்தாயிற்று. கத்தரிக்கோலை இப்போது வீட்டுக்காரி ஒளித்து வைத்திருக்கிறார். நேற்றுப் பார்த்தேன், பழைய தண்டொன்றின் அடியில் விரல்நுனி அளவில் ஒரு முளை.