தண்டவாளத்தின் ஓரம் ஓடும் செய்தி



மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்களுக்கு ஊர்ச் செய்தி என்பது உணவுக்கு அடுத்த தேவை. பாட்டனார் காலத்தில் அது கடிதமாக வந்தது. அவசரமானால் தந்தியாக வந்தது. தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தாலே அடுப்படியில் அழுகை எழுந்த காலம் அது. அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நம் நாட்டில் விடைபெற்றுக்கொண்டது.

என் சிறு பிராயத்தில், 1990-களின் இறுதியில், தாயார் என் கையைப் பிடித்து எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்துச் செல்வார். இரவில் கட்டணம் குறையும்வரை வரிசையில் காத்து நிற்போம். சிவப்பு எண்களில் தொகை ஏற ஏறத் தாயாரின் பேச்சு விரைவாகும். பாட்டியிடம் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லாமலே வைத்துவிட்டுத் திரும்புவார். இன்று அதே தாயார் ஊரிலுள்ள தம் தங்கையின் முகத்தைப் பார்த்தபடி நாள்தோறும் பேசுகிறார்.

இம்மாறுதலை விஞ்ஞானம் ஒன்றே செய்தது என்று நாம் எண்ணுகிறோம். விஞ்ஞானம் விதை என்றால், அரசாங்கத்தின் கொள்கையே நிலமும் நீரும். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், தந்திக் கம்பி அமைக்கும் உரிமையை அரசுக்கே தனி உரிமையாக்கியது. தொலைபேசியும் அச்சட்டத்தின்கீழ் வந்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் பல்லாண்டுகள், தொலைபேசி வேண்டி மனுச் செய்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கருவி உலகில் இருந்தது. நம் வீட்டில் இல்லை.

1984-இல் மத்திய அரசு 'சி-டாட்' என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. சாம் பிட்ரோடா அதற்கு வழிகாட்டினார். வெளிநாட்டு இயந்திரங்கள் குளிரூட்டிய அறையைக் கேட்டன. நம் பொறியாளர்களோ வெயிலையும் தூசியையும் தாங்கும் 128 இணைப்புகள் கொண்ட சிறு இணைப்பகத்தைக் கிராமங்களுக்கென வகுத்தார்கள். 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதலில் வேலை செய்யத் தொடங்கியது. வேண்டியதை அரசு தெளிவாகக் கேட்டபோது, திறமை நம்மிடமே இருந்தது தெரிந்தது.

கொள்கை தவறினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1994-இன் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்குக் கதவு திறந்தது. 1996 செப்டம்பரில் நம் கொச்சியிலிருந்தே எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை கேரளத்தின் முதல் கைபேசி அழைப்பைச் செய்தார். ஆயினும் அக்கருவி செல்வர் கையிலேயே தங்கியது. நிறுவனங்கள் பெருந்தொகையை உரிமக் கட்டணமாகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தன. வரும் அழைப்புக்கும் பயனாளரே காசு கொடுத்தார். 1999-இன் புதிய கொள்கை, நிலையான கட்டணத்தை நீக்கி வருமானத்தில் பங்கு என்று மாற்றியது. 2003-இல் வரும் அழைப்பு இலவசமாயிற்று. அதன் பின்னரே மீன் விற்பவரும் துணி வெளுப்பவரும் கைபேசி வாங்கினர்.

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு நெருக்கமான கதை ஒன்றும் உண்டு. தண்டவாளத்தின் ஓரம் கம்பி ஓடுவது ஆதிநாள் வழக்கம். அது ரயில்வேயின் சொந்த வேலைக்கே பயன்பட்டது. 2000-ஆம் ஆண்டில் 'ரயில்டெல்' நிறுவனம் அமைந்தபின், பாதையோரம் ஒளியிழைகள் பதிக்கப்பட்டு, ரயில்வேயின் தேவை போக மிஞ்சிய திறன் பொதுமக்களுக்கும் கிடைத்தது. 2016-இல் கூகிளுடன் சேர்ந்து நிலையங்களில் இலவச இணைய வசதி தொடங்கியது. எர்ணாகுளம் சந்திப்பில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், அதைக் கொண்டு பாடங்களைக் காதில் கேட்டபடியே மூட்டை சுமந்து, அரசுத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறியதை 2018-இல் பத்திரிகைகள் எழுதின. பின்னர் கூகிள் விலகிக்கொண்டது. ரயில்டெல் அவ்வசதியைத் தொடர்ந்து நடத்தியது.

நம் மாநில அரசும் 2017-இல் இணையத்தைக் குடிமக்களின் உரிமை என்று அறிவித்தது. மின்சார வாரியத்தின் கம்பங்கள் வழியே இழை இழுத்து, 2023 ஜூன் 5 அன்று 'கே-ஃபோன்' திட்டத்தைத் தொடங்கியது. இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது நோக்கம். நோக்கம் உயர்ந்தது, இணைப்போ அதே வேகத்தில் வீடு வந்து சேரவில்லை.

வீடு வந்து சேர்ந்தால் மட்டும் போதுமா? எங்கள் தெருவில் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். ஓய்வூதியக் காரியமாக ஓர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். கைபேசிக்கு ஓர் எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். எண் வந்தது, கோயமுத்தூரிலுள்ள பேரனின் கைபேசிக்கு! பேரனோ வேலையில் இருந்தான். மூன்று முறை நடந்தபின் காரியம் முடிந்தது. "தம்பி, முன்னெல்லாம் கைநாட்டு வைத்தால் போதுமே" என்றார் பாட்டி. எனக்கு மறுமொழி இல்லை.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. காகிதத்தில் கிடைத்த இவ்வுரிமை, கைபேசித் திரைக்கும் வரவேண்டாமா? எனக்கு வரும் அரசுச் செய்திகளில் இதுவரை ஒரு வரி தமிழைக் கண்டிலேன். கேளாதவர்க்கு எவரும் தாமாக வந்து கொடுப்பதில்லை. கேட்பதற்குச் சட்டம் இருக்கும்போது நாம் வாளாவிருப்பது நம் குற்றமே.

ஆதலின் இரண்டு வேண்டுகோள். அரசுச் செய்திகள் தமிழிலும் வரவேண்டும் என்று நம் சங்கத்தின் சார்பில் தமிழிலேயே ஒரு மனு எழுதி, வீட்டுக்கு ஒருவர் கையொப்பமிடுவோம். ஞாயிறு காலையில் கல்லூரி பயிலும் நம் பிள்ளைகள் இருவர் சங்கக் கூடத்தில் அமர்ந்து, முதியோரின் கைபேசிக் காரியங்களுக்கு உதவட்டும். அன்று பூத்தில் காத்து நின்ற தாய்மாரை, இன்று அலுவலக வாசலில் காத்து நிற்க வைக்கலாகாது.