பத்து ஆராங்: பேரிலேயே கரி உள்ள ஊர்

'பத்து' என்றால் என்ன என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், ஒன்பதுக்கு அடுத்தது என்பார்கள். பத்துமலையில் பத்துக் குன்று இருக்கிறதாக்கும் என்று விளக்கம் சொல்கிற பெரியவர்களும் நம்மிடையே உண்டு! மலாயில் 'பத்து' என்றால் கல். அந்தப் பக்கம் ஓடும் பத்து ஆறுதான் மலைக்கும் பேர் கொடுத்தது.

சிலாங்கூரில் ரவாங் பக்கத்திலுள்ள பத்து ஆராங்கும் அப்படித்தான். 'ஆராங்' என்றால் கரி. கல்லாய்க் கிடந்து கரியாய் எரிவது, அதாவது நிலக்கரி. மண்ணுக்கடியில் இருந்ததையே ஊருக்குப் பேராக வைத்துவிட்டார்கள்.

1915ல் மலாயன் காலியரிஸ் கம்பெனி அங்கே கரி வெட்ட ஆரம்பித்தது. சில இடத்தில் மேலாகத் தோண்டினார்கள். சில இடத்தில் சுரங்கம் போட்டு உள்ளே இறங்கினார்கள். ரயில் ஓடவும், கோலாலம்பூரில் விளக்கு எரியவும், ஈய லம்பத்தில் இயந்திரம் சுற்றவும் பத்து ஆராங் கரி வேண்டும். வேலையாட்களில் பெரும்பாலோர் சீனர், நம்மவர்களும் இருந்தார்கள். ஆள் பிடித்து வேலை வாங்கியவர்கள் குத்தகைக்காரர்கள். கங்காணி கையைப் பார்த்து வாழ்ந்த குடும்பங்களுக்கு அதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 1937ல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சுரங்கத்தையே தங்கள் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அரசாங்கம் ஆடிப்போனது. ஒரு தோட்டம் நின்றால் துரைக்குத்தான் நட்டம். கரி நின்றால் ரயிலே நின்றுபோகுமே! போலீசும் பட்டாளமும் வந்து இடத்தை மீட்டன. நாலு வருஷம் கழித்து, 1941ல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் பட்டாளம்தான் வந்தது.

பிறகு எண்ணெயின் காலம். 1957ல் டீசல் ரயில் எஞ்சின்கள் வந்தன. கரியைக் கேட்பார் குறைந்தார்கள். 1960ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வேலை போனதும் பிழைப்புத் தேடி ஆட்களும் போனார்கள். தோண்டின குழிகளில் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. இன்றைக்குப் போனால் பழைய செங்கல் கட்டடங்களையும் புகைபோக்கியையும் பார்க்கலாம்.

ஊர்ப்பேர் மட்டும் மாறவில்லை. நம் தோட்டங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காகிதத்தில் துரை வைத்த பேர் ஒன்று, நம் வாயில் வழங்கின பேர் ஒன்று என்று இருந்த தோட்டங்கள் எத்தனையோ வீடமைப்புப் பகுதியாகிவிட்டன, பலகையிலும் புதுப்பேர். உங்கள் தோட்டத்தைத் தாத்தா பாட்டி என்ன பேர் சொல்லி அழைத்தார்கள், அந்தப் பேர் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். இதே பகுதியில் போடுகிறோம்.