எங்கள் வீட்டுக்குப் பறை வந்தது

“அம்மா, நான் பறை கத்துக்கப் போறேன்” என்று என் பெண் சொன்னதும் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. வீணை கற்றுக்கொள் என்று நான் கெஞ்சி அலுத்துப்போனவள். என் மாமியாரோ, “சாவு வீட்டுச் சமாசாரம் நம்ம வீட்டுக்குள்ளயா?” என்று ஒரே பிடியாக நின்றார்.

எல்லாம் ஒரு பாட்டுக் குழு செய்த வேலை. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கிடார், டிரம்ஸோடு பறையும் கானாவும் கலந்து வருகின்றன. முதல் தடவை எனக்கு இரைச்சலாகத்தான் பட்டது. மறுதடவை கால் தானாகத் தாளம் போட்டதை ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்!

சரி, பார்த்துவிட்டு வரலாமே என்று வகுப்புக்கு நானும் கூடப் போனேன். மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் வட்டமாக இணைத்து, மேலே தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். இடது கையில் நீளமான மெல்லிய குச்சி, வலது கையில் குட்டையான தடித்த குச்சி. தீ மூட்டிக் காய்ச்சினால்தான் தோல் விறைத்துக் கணீரென்று பேசுகிறது. தொல்காப்பியத்திலேயே ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களில் பறையும் உண்டு என்றார் ஆசிரியர். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை இசைத்து ஆடுகிறார்கள். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

அவர் பேசப் பேச எனக்கு வேறு ஞாபகம். எங்கள் பாட்டி இறந்த அன்று, பந்தலுக்கு வெளியே வெயிலில் நாள் பூரா வாசித்தவர் தண்ணீர் கேட்டார். கையைக் குவிக்கச் சொல்லி, செம்பு படாமல் உயரத்திலிருந்து ஊற்றச் சொன்னார்கள். ஊற்றியது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. கை சூடு தாங்காமல் சிவந்திருந்தது அவருக்கு. வாத்தியத்தை ஒதுக்கினோமா, மனுஷரை ஒதுக்கினோமா?

இதை மாமியாரிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. ஆனால் மறுவாரம் பறை வந்தபோது தடுக்கவும் இல்லை.

இப்போது பிரச்னையே வேறு. மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடுகிறது. காய்ச்ச மொட்டை மாடியில் பழைய பேப்பரைக் கொளுத்தினால் கீழ்வீட்டுக்காரர் புகை என்று சண்டைக்கு வருகிறார். ஃபைபர் போட்ட பறையும் கிடைக்கிறதாம். “அதுல அந்தச் சத்தம் வராது” என்கிறாள் பெண். போன ஞாயிறு அவளுக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமோ? மாமியார்தான்.