கதவைப் பூட்டி ஆடிய ஆட்டம்

கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே பாடம் கேட்டவர் ஜான் மெக்லெண்டன். ஆனாலும் கறுப்பினத்தவர் என்பதால் கான்சாஸ் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. பயிற்சியாளரானார்.

1944 மார்ச், ஞாயிற்றுக்கிழமை காலை. நிறப்பிரிவினை கோலோச்சிய வட கரோலினாவின் டர்ஹம் நகரில், ஊரார் தேவாலயம் போயிருந்த நேரம். மெக்லெண்டன் பயிற்சியளித்த கறுப்பின மாணவர்களின் கல்லூரிக்கு, டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையின மாணவர்கள் மேலங்கியால் முகம் மறைத்து வந்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். மெக்லெண்டன் பழக்கிய மின்னல் ஓட்டத்துக்கு வந்தவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை: 88-44! அப்புறம் இரு அணியினரும் கலந்து, சட்டை போட்டவர்கள் ஒரு பக்கம், போடாதவர்கள் மறுபக்கம் என இன்னோர் ஆட்டமும் ஆடினார்கள். என்ன துணிச்சல்!

பின்னாளில் டென்னஸி ஏ அண்ட் ஐ பல்கலைக்கழக அணி, இவருடைய பயிற்சியில் 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று முறை என்.ஏ.ஐ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தேசியப் பட்டம் வென்றது.