பிரிண்டர் நின்றால் லாரியும் நிற்கும்

சாயங்காலம் ஆறு மணி. ஓசூர் சாலையில் நெரிசல் ஏறிக்கொண்டிருக்கிறது. கர்நாடகம் முடிந்து தமிழகம் தொடங்கும் அத்திபெலேயில், தொழிற்பேட்டைத் தெருக்களில் சரக்கு வண்டிகள் புறப்படத் தயாராக நிற்கின்றன. தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். வர வேண்டியது பில் மட்டும்தான். உள்ளே கணக்குப் பிரிவில் மூன்று பேர் பிரிண்டரைச் சுற்றி நிற்கிறார்கள். அதில் பச்சை விளக்கு எரிகிறது. காகிதம் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரோ பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று சாதிக்கிறது.

சின்ன விஷயம்தான். ஆனால் எல்லை ஊரில் அதன் விலை பெரிது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பின், வரிக்காக எல்லைச் சாவடிகளில் லாரிகள் காத்துக் கிடந்த காலம் மலையேறியது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 'ஈ-வே பில்' கட்டாயம். அதன் எண்ணை செல்போனில் காட்டினாலே போதும். இன்வாய்ஸ் விஷயம் அப்படியல்ல. சரக்குக்கான இன்வாய்ஸ் மூன்று பிரதிகளாக வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. வழியில் அதிகாரி கேட்கும்போது உரிய ஆவணம் இல்லை என்றால் வண்டியையே நிறுத்திவைக்கலாம். அபராதம் வரியைப் போல் இரு மடங்கு வரை போகக்கூடும்.

இதில் ஒரு முரண் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு இன்வாய்ஸ் முறைக்குள் வந்துவிட்டன. அவர்கள் வண்டியில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால் காகிதம் தேவையில்லை. காகிதத்தையே நம்பியிருப்பவர்கள் அதற்கும் கீழே உள்ள சிறு பட்டறைக்காரர்கள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கத் தனி ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களும் அவர்களே.

இத்தகைய பட்டறைகளில் ஒரே பிரிண்டர்தான். அது கணக்காளரின் கம்ப்யூட்டரோடு கம்பியால் இணைந்திருக்கும். மற்றவர்கள் நெட்வொர்க் வழியாக அதைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் அனுப்பும் பில் ரௌட்டரைக் கடந்து, கணக்காளரின் கம்ப்யூட்டருக்குள் போய், அங்கே 'ஸ்பூலர்' எனும் நிரலின் வரிசையில் நின்று, முறை வந்த பிறகே தாளாகும். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பழி விழுவது பிரிண்டர் மீது.

எனவே தேட வேண்டியது பிரிண்டரிலிருந்து பின்னோக்கி. முதலில் பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி ஒரு சோதனைத் தாள். அது வந்தால் இயந்திரம் நலம். அடுத்து, அது இணைந்திருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாள். அதுவும் வந்தால் கோளாறு வழியில்தான். அந்தக் கம்ப்யூட்டர் 'உறக்க' நிலைக்குப் போயிருந்தாலும் மற்றவர்களுக்கு அச்சு நின்றுவிடும். வரிசையில் முதலில் நிற்கும் ஆவணம் சிக்கிக்கொண்டால் பின்னால் உள்ளவை எல்லாம் காத்திருக்கும். அதை நீக்கிவிட்டு ஸ்பூலரை நிறுத்தித் திரும்ப இயக்கினால் பெரும்பாலும் வழி பிறக்கும். அதற்குள் பொறுமை இழந்து பத்து முறை 'பிரிண்ட்' கொடுத்தவர், ஒரே பில் பத்துப் பிரதிகளாக வந்து விழுவதைக் காண்பார்.

பிரிண்டர் நேராக நெட்வொர்க்கில் இணைந்திருந்தால் இன்னொரு வம்பு. மின்சாரம் போய் வந்ததும் ரௌட்டர் அதற்குப் புது முகவரி எண் கொடுத்துவிடக்கூடும். கம்ப்யூட்டரோ பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரௌட்டரில் பிரிண்டருக்கென ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

ஆனால் 2021-இல் வந்த சோதனை வேறு ரகம். அந்த ஆண்டு ஜூன் இறுதியில், விண்டோஸ் ஸ்பூலரில் உள்ள ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டரையே கைப்பற்றலாம் என்று காட்டும் நிரல் தவறுதலாக இணையத்தில் வெளியானது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று அதற்குப் பெயர். ஜூலை 6-இல் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. செப்டம்பரில் வந்த திருத்தமோ, ஸ்பூலரின் இன்னொரு பலவீனத்தை அடைப்பதற்காக, இரு கம்ப்யூட்டர்களும் கூடுதல் பாதுகாப்போடு பேசிக்கொண்டால்தான் அச்சு என்று விதித்தது. உலகெங்கும் பல அலுவலகங்களில் முந்தைய நாள் வரை ஓடிய பிரிண்டர்கள், '11பி' என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றன.

உடனே ஒரு கைவைத்தியம் பரவியது: திருத்தத்தை நீக்கிவிடு, அல்லது அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடு. செய்தால் தாள் வருவது உண்மைதான். கூடவே கதவும் திறந்து கிடக்கும். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த, ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்த 'ஸ்டக்ஸ்நெட்' வைரஸ் பரவிய வழிகளில் ஒன்று இதே ஸ்பூலரின் வேறொரு ஓட்டை. பட்டறையில் அணு ரகசியம் இல்லை. ஆனால் கணக்காளரின் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லும் இருக்கின்றன. சரியான வைத்தியம் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் புதுப்பிப்பதுதான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் நின்றுவிட்ட நிலையில், பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதில் ஆபத்து கூடுகிறது.

பகிர்ந்த பிரிண்டரின் கதை பழையது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. பழைய பிரிண்டரில் ரிச்சர்டு ஸ்டால்மன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்: சிக்கினால், காத்திருப்பவர்களின் திரையில் தகவல் வரும். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை. அந்த ஏற்பாடு சாத்தியமாகவில்லை. அந்த எரிச்சல், 1983-இல் அவர் அறிவித்த கட்டற்ற மென்பொருள் முயற்சிக்கு ஒரு தூண்டுதலானது. காகிதம் சிக்குவதை ஸ்டால்மன் தடுக்கவில்லை. எங்கே சிக்கியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியவைத்தார், அவ்வளவுதான்.

அத்திபெலேக்கும் அதுதான் பாடம். பிரிண்டரின் முகவரி எண், எந்தக் கம்ப்யூட்டரில் இணைந்திருக்கிறது, எதை முதலில் பார்ப்பது: இவற்றைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, ஒரு தாளாகப் பிரிண்டருக்கு மேலே ஒட்டிவைத்தால், கணக்காளர் லீவில் இருந்தாலும் வண்டி கிளம்பும். அந்தத் தாளை மட்டும், பிரிண்டர் ஓடும்போதே எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.