காற்றைத் தைக்கும் மெஷின்

காட்டாங்குளத்தூர் வாசகி ஒருவர் வீட்டுக்கு ஓவர்லாக் மெஷின் வாங்கியிருக்கிறார். ‘சாதா மெஷினில் பல வருஷப் பழக்கம் உண்டு. இதிலோ நாலு தையல் ஓடுவதற்குள் ஊசி நூல் அறுந்துவிடுகிறது. மெஷினில் கோளாறா?’ என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இருக்காது. நூல் கோத்த வரிசையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஓவர்லாக் எதற்கு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தின் உடை கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. மற்றவர்களுக்கு ‘ஃபால்ஸ், பீக்கோ, ஓவர்லாக்’ என்ற கடைப் பலகை பழக்கம். நேரே உள்ளே போய்விடலாம்.

இதில் பாபின் இல்லை. அதற்குப் பதில் இரண்டு லூப்பர்கள். நுனியில் துளையிட்ட வளைந்த எஃகுத் துண்டுகள். ஊசி கீழே இறங்கியதும் அதன் நூலைக் கீழ் லூப்பர் பிடிக்கிறது. கீழ் லூப்பரின் நூலைத் துணி விளிம்பருகே மேல் லூப்பர் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. மேல் லூப்பரின் நூலுக்குள் ஊசி மறுபடி இறங்குகிறது. மூன்று நூல்களில் ஒவ்வொன்றும் இன்னொன்றின் பிடியில் இருக்கிறது. துணியைத் துளைப்பது ஊசி மட்டுமே. லூப்பர்கள் விளிம்பைச் சுற்றி வருவதோடு சரி.

ஆகவே நூல் கோக்கும் வரிசை, முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், கடைசியில் ஊசி. ஊசியைக் கோத்த பிறகு கீழ் லூப்பரைக் கோத்தால் இரண்டு நூலும் தட்டுக்கு அடியில் மாறிச் சிக்கிக்கொள்ளும். சில தையலில் ஊசி நூல் அறும். கீழ் லூப்பர் நூல் அறுந்தால் ஊசி நூலையும் உருவிவிட்டுத்தான் மறுபடி கோக்க வேண்டும். நூல் கோன் மாற்றும்போது இந்தப் பாடு வேண்டாம். பழைய நூலோடு புதியதை முடிச்சுப் போட்டு இழுத்துவிடுங்கள். ஊசிக் காதில் மட்டும் முடிச்சு நுழையாது. அங்கே வெட்டிக் கோக்க வேண்டும்.

என்னை மயக்கியது வேறொன்று. துணியே வைக்காமல் மிதித்துப் பாருங்கள். சாதா மெஷினில் அப்படிச் செய்தால் பாபினருகே நூல் சிண்டு பிடித்து நின்றுவிடும். ஓவர்லாக்கோ சளைக்காமல் ஒரு பின்னல் கயிற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். ரகசியம், தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய எஃகு நாக்கில் இருக்கிறது. தையல் அந்த நாக்கைச் சுற்றி உருவாகி, பின்பக்கம் வழுக்கி விழுகிறது. எங்கள் வீட்டில் மல்லிகை கட்டுகிறவர்கள் விரலில் கண்ணி வளைத்துக் காம்பில் மாட்டி விரலை உருவுவார்களே, அதே வேலை. பூ இல்லாவிட்டாலும் விரலில் கண்ணி விழும். துணி இருக்கும்போது விளிம்பு சுருளாமல் தாங்குவதும் இந்த நாக்குதான். வெறும் கயிற்றையும் வீணாக்க வேண்டாம். பொத்தான் மாட்டும் வளையத்துக்கு உதவும். தைத்து முடித்த துணியில் அந்த வாலை ஒட்ட நறுக்கினால் மட்டும் தையல் பிரியும். இரண்டு அங்குலம் விட்டு, ஊசியால் உள்ளே இழுத்து மறைத்துவிடுங்கள்.

இந்த மெஷினுக்கு வழி போட்ட, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து மெரோ குடும்பம் முதலில் நடத்தியது வெடிமருந்து ஆலை. அது வெடித்து அழிந்ததும் பின்னலாடைக்கு வந்தார்கள். குரோஷா பின்னலை விளிம்பில் போட 1881-இல் ஜோசப் மெரோ செய்த இயந்திரம்தான் இன்றைய ஓவர்லாக்கின் மூதாதை. வீட்டு மேசையில் வைக்கிற அளவுக்கு அதைச் சிறிதாக்கியவர்கள் 1960-களின் ஜப்பானியர்கள். திருப்பூரின் பனியன் தொழிலை இந்த மெஷின் இல்லாமல் நினைக்கவே முடியாது. பனியன் துணி இழுபடும். சாதா நேர்த்தையல் அதோடு இழுபடாமல் பட்டென்று அறும். ஓவர்லாக் தையல் கூடவே நெகிழ்ந்து கொடுக்கும்.

பயப்பட வேண்டியது கத்திக்கு. ஊசிக்கு ஒரு நொடி முன்னால் அது விளிம்பை நறுக்கிக்கொண்டே போகிறது. குண்டூசி மாட்டினால் கத்தி போச்சு. தப்பாக நறுக்கினால் துணி போச்சு. சாதா தையலைப் பிரித்துத் திருத்தலாம். வெட்டியதை ஒட்ட முடியுமா?

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். நம் டெய்லர்கள் ரவிக்கையின் பக்கத்தில் மூன்று நான்கு வரிசைத் தையல் போட்டு, உள்ளே துணி விட்டு வைப்பார்கள். உடம்பு கூடினால் ஒரு வரிசையைப் பிரித்தால் போதும். பிள்ளைகளின் சீருடையும் அப்படியே ஓரிரு வருஷம் கூடுதலாக ஓடும். கம்பெனி உடையில் துணி மிச்சம்தான் கணக்கு. ஒரு சென்டிமீட்டருக்குள் தைத்து, மீதியை நறுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது சரி. வீட்டில் ஒரே ஒரு பாவாடை தைக்கிறவர் அந்தக் கணக்கை ஏன் கடன் வாங்க வேண்டும்? உள்புறம் அழகாக இருக்கிறதே என்று ஒட்ட வெட்டிவிட்டு, அடுத்த ஜூன் மாதம் புதுத் துணிக்கு அலைவதில் என்ன சிக்கனம்?

பனியன் துணி என்றால் இரண்டாவது ஊசியும் போட்டு நான்கு நூலில் நேரடியாகச் சேர்த்துத் தையுங்கள். பருத்தி, பாப்ளின் என்றால் ஒவ்வொரு விளிம்புக்கும் தனித்தனியாக ஓவர்லாக் அடித்துவிட்டு, ஓர் அங்குலம் உள்ளே தள்ளி சாதா மெஷினில் சேருங்கள். பெரும்பாலான வீட்டு மாடல்களில் கத்தியை விலக்கி வைக்க வசதி உண்டு. நூல் கோக்கப் பழகும் அன்றே அதையும் பழகிக்கொள்ளுங்கள்.