குறையற்ற வேலையும் குன்றிய மனமும்



2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்பவர், சாவி சரியாகத் திரும்பியதும் அரத்தைக் கீழே வைத்துவிடுவார். மேலும் ராவினால் சாவி தளர்ந்துவிடும். நம்மில் பலரோ பணியிடத்தில் நிறுத்தத் தெரியாமல் தம்மையே ராவிக்கொள்கின்றனர். சிறு பிழைக்கும் உறக்கம் இழக்கின்றனர். தொழுகையிலும் மனம் ஒன்றுவதில்லை.

இது ஈமானின் குறைவு அன்று. ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யா கலாசாலையில் போதித்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கே மனப்போராட்டத்தால் நா எழவில்லை, உணவு இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் உள்ளது என்றனர் மருத்துவர்கள்.

அழகுறச் செய்வது நம் கடமை. குறையற்ற தன்மை அல்லாஹ்வுக்கே உரியது. மனச்சோர்வு இரு வாரங்கள் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். 14416 என்னும் கட்டணமில்லா அரசு எண்ணில் பேசுங்கள். அல்லாஹ் நமக்கு மன அமைதியை அருள்வானாக! ஆமீன்.